முதல் இதழும் முதல் உழவும்

பெருங்காப்பியத்துக்கு இலக்கணம் வகுத்த தண்டியலங்காரம், ஒப்பற்ற தலைவன் ஒருவனை அதற்கு இன்றியமையாதவனாகக் கூறும். எனினும் தமிழ்ப் புலவர் அத்தலைவனை எடுத்த எடுப்பிலேயே கொண்டுவந்து நிறுத்துவதில்லை. கம்பர், சரயு நதியையும் கோசல நாட்டையும் அயோத்தி மாநகரையும் பாடிய பின்னரே இராமனது பிறப்புக்கு வருகின்றார். நிலத்தை அறிந்த பின்னரே அந்நிலம் ஈன்ற மகனை அறிதல் கூடும் என்பது அவர் கருத்துப் போலும்.

தலைவன் ஒருவனாக அன்றிப் பலராக அமையும் கதைக்கு இச்சிக்கல் இன்னும் பெரிது. இக்காலத்துச் சித்திரக் கதை நூல்களுள், மந்திர ஆற்றலோ தெய்வ ஆற்றலோ வாய்ந்த வீரர் பலரை ஒருங்கு சேர்க்கும் தொடர்கள் ஒரு தனி வகை. அத்தகைய தொடரின் முதல் இதழ் ஒரு வினாவுக்கு விடை கூறியே ஆதல் வேண்டும். இத்துணை வேறுபட்டவர்களைப் பிணைக்கும் கயிறு யாது என்பதே அவ்வினா.

அமெரிக்காவின் டீசி நிறுவனம் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஜஸ்டிஸ் லீக் டார்க்’ என்னும் தொடரின் முதல் இதழ் இதற்கு ஒருவகை விடை தருகின்றது. பீட்டர் மில்லிகன் எழுத, மிக்கேல் ஹானின் வரைந்தது அது. என்சான்ட்ரஸ் என்னும் சூனியக்காரி பித்துற்றமையால் உலகம் நிலைகுலைகின்றது. சூப்பர்மேன் முதலிய புகழ்பெற்ற வீரர்கள் எதிர்த்துச் சென்று, மந்திரத்தின் முன் தம் உடல்வலி பயன்படாமை கண்டு பின்வாங்குகின்றனர். வருவதை உணரும் மடாம் சனாடு, வேறு சிலரே இதற்கு வேண்டும் எனத் துணிகின்றாள். சட்டானா, கான்ஸ்டன்டைன், டெட்மேன், ஷேட் என்போர் சிறு சிறு காட்சிகளில் தனித்தனியே தோன்றுகின்றனர். இதழ் முடியும்வரை ஓரணியாகச் சேர்ந்தாரல்லர். வலிமைக்கும் எல்லை உண்டு என்பதை முதற்கண் காட்டியது இவ்விதழின் சிறப்பாகும். ஆயின், இவர்களைப் பிணைக்க வருவது அச்சம் ஒன்றே. இவர்களுக்கு ஊரும் இல்லை, உறவும் இல்லை. ஆபத்து நீங்கின் அவரவர் தம் வழியே செல்லத் தடையொன்றும் இல்லை.

இதற்கு நேர்மாறான விடையைத் தருவது தமிழ்க் கதையொன்று. கனடா நாட்டு மானிடவியலாளரான பிரெண்டா பெக், 1965ஆம் ஆண்டளவில் கொங்கு நாட்டில் தங்கி ஆய்வு செய்தபோது, பொன்னர் சங்கர் கதை எனவும் அண்ணன்மார் கதை எனவும் வழங்கும் நெடுங்கதையைப் பாடகர் வாயிலாகக் கேட்டு ஒலிப்பதிவு செய்தார். அதன் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வழி நூலாயின. பின்னர் அவரே அக்கதையை, ‘லெஜண்ட் ஆஃப் பொன்னிவளா’ என்னும் பெயரில் இருபத்தாறு பகுதிகள் கொண்ட அசையும் சித்திரத் தொடராகவும் சித்திரக் கதை நூல்களாகவும் ஆக்குவித்தார்.

பலர் தலைமை தாங்கும் வீரக் கதைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. அமைதியே உருவான பொன்னர், சினமே உருவான சங்கர், வருவதைக் கனவில் உணரும் தங்காள், தோழனும் ஏவலனுமாகிய சாம்புகன், கொம்பன் என்னும் பெரும்பன்றியை மடக்கும் சிறு நாய் என ஒருவர் குறையை மற்றொருவர் நிறைக்கும் கூட்டம் இது. வியப்பு யாதெனின், இவர்களுள் ஒருவரும் தொடக்கத்தில் தோன்றுவதில்லை. பார்வதி தேவி, ஏர் காணாத நிலத்தை உழுவிக்க எண்ணி உழவரைப் படைக்கின்றாள். அவருள் ஒருவனான கோளாத்தாவே வீரர்களின் பாட்டன். பசுக்களுக்கு நேர்ந்த தீங்கினால் வரும் சாபமும், மகப்பேறின்மையும், தாமரையின் நெடுந்தவமும் கடந்த பின்னரே வீரர் பிறக்கின்றனர். கம்பர் நாட்டை முன்வைத்தது போல, இக்கதை உழவை முன்வைக்கின்றது. வீரரைப் பிணைக்கும் கயிறு குருதி. அக்குருதியைப் பிணைப்பது நிலம். விரைந்து படிக்கும் இளைஞன் முதல் இதழிலேயே வாட்போரை எதிர்பார்த்து ஏமாறக்கூடும். எனினும் அந்த ஏமாற்றம் பயனுடையது.

ஆயினும் இத்தொடக்கத்துள் ஒரு வழக்கு மறைந்து கிடக்கின்றது. உழவர் வருமுன்னரே அந்நிலத்தில் கைவினைஞர் வாழ்ந்தனர். காட்டிலே வேட்டுவர் வாழ்ந்தனர். வந்தவர் உழத் தொடங்கியதும் இருந்தவர் பகைவராகின்றனர். இப்பூசலை மறைக்காது தொடக்கத்திலேயே வைத்தமை சித்திரக் கதையின் நேர்மைக்குச் சான்று. ஆனால், தேவியின் ஆணை உழவர் பக்கம் நிற்பதால் வழக்குத் தொடங்குமுன்னரே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகின்றது. வேட்டுவன் கண்கொண்டு அந்நிலத்தைப் பார்க்கும் வாய்ப்பு வாசகனுக்குக் கிட்டுவதில்லை. இக்குறை சிறியதன்று.

இக்குறையின் பொருள் இலங்கையின் மலையகத்தில் வேறொரு வகையில் விளங்கும். நுவரெலியாவிலிருந்து இராகலை செல்லும் வழியிலுள்ள கந்தப்பளையில், சுற்றிலும் தேயிலை மலைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பின் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த மக்கள், காமன் கூத்தையும் அருச்சுனன் தபசையும் போலப் பொன்னர் சங்கரையும் உடன் கொண்டுவந்தனர். காட்டை அழித்து மலையைத் திருத்தியவர் அவரே; அதில் ஓரடி மண்ணும் அவருடையதாகவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலாரை நாடற்றவராகவும் ஆக்கியது. இழந்த குடியுரிமை பின்னர் மீண்டது. லயத்தை விட்டு நீங்கிச் சொந்தக் காணியில் வீடு கட்டும் வேட்கையோ பல குடும்பங்களுக்கு இன்னும் நிறைவேறவில்லை. நிலமே உயிராகிய கதையை நிலமற்ற மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிக் காத்தமை எண்ணத்தக்கது.

அதற்குக் காரணம் படுகளத்தில் விளங்கும். பகலில் கொழுந்துக் கணக்குக்கும் கங்காணியின் குரலுக்கும் அடங்கியவன், இரவில் சங்கராக வாளேந்துகின்றான். வீரர் மாண்டு வீழ்கின்றனர். தங்காள் அழுதுகொண்டே களத்தில் உடன்பிறந்தாரைத் தேடுகின்றாள். அவள் தெளிக்கும் நீரால் மாண்டவர் சிறிதுபொழுது உயிர்த்தெழுகின்றனர். கடல் கடந்து வந்த வழியிலும் காட்டுக் காய்ச்சலிலும் தம் முன்னோரைப் பறிகொடுத்த மக்களுக்கு இக்காட்சி வெறும் கதையன்று. கொங்கு நாட்டில் காணியாட்சியின் கதையாக இருந்தது, மலையகத்தில் இறந்தோரைத் தேடும் தங்கையின் கதையாகப் பொருள் மாறியது எனல் பொருந்தும். பிணைக்கும் கயிறு இங்கே அச்சமுமன்று, நிலமுமன்று. ஒருவருக்காக ஒருவர் அழும் உரிமையே அது.

அச்சிட்ட ஏட்டில் அவ்வழுகையின் ஓசை இல்லை. தப்பின் முழக்கம் இல்லை. ‘நம் பக்கத்து லயத்துப் பிள்ளையே பொன்னர்’ என்று அறிந்து கலங்கும் அவையும் இல்லை. இது சித்திரக் கதையின் குற்றமாகாது, அதன் எல்லையாகும். எனினும் முதல் இதழை எங்கே தொடங்குவது என்பது படைப்போன் கையில் உள்ளது. பார்வதியின் ஏரில் தொடங்கின் அது உடையவரின் கதையாகும். படுகளத்தில் தங்காள் நீர்ச்செம்புடன் நிற்கும் இடத்தில் தொடங்கின், அது இழந்தவரின் கதையாகும். மலையகத்துப் பிள்ளையொருவன் தூரிகை எடுத்து அந்த இரண்டாவது முதல் இதழை வரையும் நாளில், இக்கதையைக் காத்த மக்களும் அதனுள் இடம்பெறுவர்.