மை சிந்துவதெல்லாம் ஒரே குலமா?

மைக்காளான் ஒன்றைப் பறித்து வெள்ளைத் தாளில் வைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். குடை கரைந்து, கறுப்பு மை தேங்கியிருக்கும். தன்னைத்தானே செரித்து உருகும் இந்தக் குணத்தை நம்பித்தான், 1797-இல் பெர்சூன் அமைத்த கோப்ரினஸ் பேரினம் இருநூறு ஆண்டுகள் நிலைத்தது.

2001-இல் பூஞ்சை ஆய்வாளர்களான ரெட்ஹெட், வில்காலிஸ் முதலியோர் அதை உடைத்தார்கள். டிஎன்ஏ ஒப்பீட்டில், பேரினத்தின் வகைமாதிரியான கோப்ரினஸ் கோமேட்டஸ் மொட்டுக்காளானின் உறவினர் என்று தெரிந்தது. மற்றவற்றில் பெரும்பாலானவை வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. அவை கோப்ரினாப்சிஸ், கோப்ரினெல்லஸ், பாரசோலா என மூன்று பேரினங்களாயின.

மரபணு சொன்னது என்பதற்காக மட்டும் இதை நான் ஏற்கவில்லை. கோமேட்டஸின் தண்டை நெடுக்காகப் பிளந்தால், உள்ளே வெற்றிடத்தில் மெல்லிய நூல் ஒன்று ஓடுகிறது. தண்டின் மேல் நகரும் வளையம் இருக்கிறது. சான்று எப்போதும் கண்முன்னேதான் இருந்தது. மைதான் அதை மறைத்துவிட்டது. வேதியியலும் ஒத்துப்போகிறது. கோப்ரினாப்சிஸ் அட்ரமென்டேரியாவைத் தின்றுவிட்டு மது அருந்தினால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும். காரணம், அதிலுள்ள கோப்ரின். கோமேட்டஸில் அது இல்லை.

குறைகள் சிறியவை அல்ல. பெயர் வகைமாதிரியோடுதான் போகும் என்பது விதி. அதனால் சாணத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் பிறந்த பெயர், புல்வெளியிலும் சாலையோரத்திலும் முளைக்கும் கோமேட்டஸுக்கே நின்றது. சாணத்தில் வளர்பவற்றில் பெரும்பாலானவை அதை இழந்தன. ஆய்வகங்களில் பெரிதும் பயன்படும் கோப்ரினாப்சிஸ் சினேரியா பழைய கட்டுரைகளில் கோப்ரினஸ் லாகோபஸ், கோப்ரினஸ் சினேரியஸ் என்றெல்லாம் சிதறிக் கிடக்கிறது. ஒரே பெயரில் தேடும் மாணவருக்குப் பாதி வரலாறு கிடைக்காது.

இதைவிடக் கவலை தருவது பாரசோலா. மையே விடாத கோனோபிலியாவும் பின்னர் அதில் சேர்க்கப்பட்டது. சேர்த்தது சரிதான், ஆனால் காட்டில் நிற்பவர் எதைப் பார்த்துப் பேரினத்தை அடையாளம் காண்பது? 2020-இல் கோப்ரினெல்லஸிலிருந்து துலோசெசஸ் பிரிந்தது. இப்படிப் பிரிக்கும்போதெல்லாம் லென்ஸில் காட்டக்கூடிய ஒரு பண்பாவது கூடவே வரவேண்டும் என்பது என் கருத்து. 2001 திருத்தம் கோமேட்டஸுக்கு அதைச் செய்தது. அதனால்தான் அதைச் சரியென்கிறேன்.

சிப்பிக்காளான் படுக்கைகளில் களையாக முளைக்கும் மைக்காளானைப் பற்றி வளர்ப்போருக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: புதிய பெயரோடு பழைய பெயரையும் அச்சிடுங்கள்.