அடங்கத் தெரிந்த பாட்டு

செஸ்னா 172 போன்ற நான்கு இருக்கைச் சிறு விமானத்தில் பாட்டுக் கேட்க உதவும் கருவிகளை விற்பவர்கள் ஒலியின் தெளிவைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். நான் பார்ப்பது வேறொன்றை: கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து குரல் வந்ததும் பாட்டு எவ்வளவு விரைவாக அடங்குகிறது? வானொலி அழைப்பு அமைந்திருக்கும் விதம்தான் இதற்குக் காரணம். கட்டுப்பாட்டாளர் முதலில் சொல்வது விமானத்தின் அழைப்புப் பெயரை. எந்த உயரம், எந்தத் திசை என்பதெல்லாம் அதற்குப் பிறகு. பாட்டு அரை நொடி தாமதித்து அடங்கினால், காதில் விழாமல் போவது அந்தப் பெயர்தான். மிச்சக் கட்டளை தெளிவாகக் கேட்டாலும், அது தனக்கா பக்கத்தில் பறக்கும் இன்னொருவருக்கா என்று விமானிக்குத் தெரியாது.

ஹெட்செட் இல்லாமல் விமானி அறையில் பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடும்போது இரண்டு இதழ் புரொப்பல்லர் நொடிக்கு 80 முறை காற்றை அறைகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் சுற்றுக்கு இரண்டு வெடிப்பு என்பதால் அதுவும் அதே 80 ஹெர்ட்ஸில் சேர்ந்துகொள்கிறது. எதிர் அலையை உண்டாக்கி இரைச்சலைக் குறைக்கும் ஏஎன்ஆர் ஹெட்செட்டுகள் வலிமை காட்டுவது இத்தகைய தாழ்ந்த ஒலியில்தான். 1986இல் எங்கும் இறங்காமல் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானத்தின் இரு விமானிகளும் போஸ் நிறுவனத்தின் மாதிரி ஹெட்செட்டுகளை அணிந்திருந்தார்கள். கடைக்கு அது வந்தது 1989இல். அந்த வரிசையில் 2023இல் வந்த ஏ30, சுமார் 400 கிராம் எடை. இரைச்சலைக் குறைக்க மூன்று நிலைகள், இரண்டு ஏஏ பேட்டரிகளில் ஏறத்தாழ 45 மணி நேர ஓட்டம், புளூடூத் எல்லாம் உண்டு. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து நாதம் எஞ்சின் ரீங்காரத்தில் கரைந்துபோகாமல் காதுக்கு எட்டுவதற்கு இதுதான் வழி. விலை ஆயிரம் டாலருக்கு மேல். கேட்கும் திறனைக் காக்கும் செலவு என்று எடுத்துக்கொண்டால் அது மிகையில்லை.

பாட்டு எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். பழைய விமானங்களில் திசைகாட்டும் ஏடிஎஃப் கருவி மத்திய அலை வானொலியையும் பிடிக்கும். முள் ஒலிபரப்பு நிலையத்தை நோக்கித் திரும்பும். 1941இல் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கவந்த ஜப்பானிய விமானங்கள் ஹொனலூலு நிலையத்தின் இசையைப் பிடித்தே திசையைச் சரிபார்த்தன. வசீகரமான கருவிதான், ஆனால் என் சோதனையில் தேறாது. வானொலி, பேச்சு ஒலிகளை ஒன்றுசேர்த்து ஹெட்செட்டுக்கு அனுப்பும் ஆடியோ பேனலுக்குள் அது வழிகாட்டி ஒலியாகவே நுழைவதால், பாட்டை அடக்கும் வசதி அதைத் தொடுவதில்லை. கையடக்க எஃப்எம் பெட்டியில் சிக்கல் இன்னும் ஆழமானது. வழக்கமான எஃப்எம் பெட்டி, பிடிக்கும் அலைவரிசைக்கு 10.7 மெகாஹெர்ட்ஸ் மேலே தனக்குள் ஓர் அலையை உண்டாக்குகிறது. 100.3இல் வைத்தால் உள்ளே பிறப்பது 111. விமானத்தின் வழிகாட்டிக் கருவிகள் கேட்டுக்கொண்டிருக்கும் 108 முதல் 118 வரையிலான பட்டைக்குள் அது கசியலாம். அதோடு, 8,000 அடி உயரத்தில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தொலைவு வரையுள்ள நிலையங்கள் எட்டுவதால், ஒரே எண்ணில் இரண்டு ஊர்கள் மாறிமாறி ஒலிக்கும். அமெரிக்காவில் செயற்கைக்கோள் வானொலிச் சந்தா இதற்கு நல்ல மாற்று. அதைவிட எளிது, புறப்படும் முன்பே பாடல்களைத் தரவிறக்கிவிட்டுக் கைபேசியை விமானப் பயன்முறையில் வைத்து, புளூடூத்தை மட்டும் இயக்குவது.

இனி அடங்கும் விதத்துக்கு வருவோம். ஏ30இன் கம்பியில் தொங்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு சுவிட்ச் இருக்கிறது: குரல் வந்தால் பாட்டைத் தணிக்கலாம், இரண்டையும் கலந்து கேட்கலாம், பாட்டை நிறுத்தியும் வைக்கலாம். கலக்கும் நிலை விமானிக்கு ஆகாது. பக்கத்து இருக்கைப் பயணிக்கு வேண்டுமானால் சரி. தணிக்கும் நிலையிலும் ஹெட்செட்டுக்கு ஒரு குறை உண்டு. கம்பியில் வந்துசேர்ந்த ஒலி கோபுரத்தினுடையதா, பின்னிருக்கைக் குழந்தையினுடையதா என்று அதற்குத் தெரியாது. ஆடியோ பேனலுக்குத் தெரியும். பிஎஸ் இன்ஜினியரிங் பேனல்களில், குரல் வந்ததும் பாட்டு ஒதுங்கி, அது முடிந்தபின் மெல்லத் திரும்புகிறது. விமானத்துக்குள் நடக்கும் பேச்சுக்கு மட்டும் பாட்டு நிற்கவேண்டாம் என்றும் அமைத்துக்கொள்ளலாம். ஆகவே சொந்த விமானம் வைத்திருப்பவர் இந்த வேலையைப் பேனலிடம் விடுவதே மேல். வாடகை விமானம் ஓட்டுபவருக்கு ஹெட்செட் சுவிட்ச் போதும். எதை வாங்கினாலும் தரையிலேயே சோதிக்கலாம். பாட்டை ஓடவிட்டு, விமான நிலையத்தின் தொடர் வானிலை ஒலிபரப்பைத் திருப்புங்கள். முதல் சொல் முழுதாகக் கேட்கிறதா என்று பாருங்கள்.

பாட்டே கவனச்சிதறல்தானே என்பவர்களின் கவலை நியாயமானது. அமெரிக்கப் பயணிகள் விமானங்களில் 10,000 அடிக்குக் கீழே பணிக்குத் தொடர்பில்லாத பேச்சு 1981 முதல் விலக்கப்பட்டிருக்கிறது. சிறு விமானமோ பெரும்பாலும் முழுப் பயணத்தையும் அந்த உயரத்துக்குக் கீழேயே முடித்துவிடும். ஆகவே உயரத்தை வைத்து எல்லை கட்ட முடியாது. பறத்தலின் கட்டத்தை வைத்தே கட்டவேண்டும். தரையில் நகர்தல், ஏறுதல், இறங்குதல், நெரிசலான வான்பகுதி, இவற்றில் பாட்டு கூடாது. நேர்கோட்டில் மூன்று மணி நேரம் பறக்கும்போது, சலிப்பில் மந்தமாகும் மனத்துக்கு இசை உதவும் என்பது என் கருத்து.

பாட்டு எஞ்சினின் குரலை மறைத்துவிடும் என்ற எதிர்ப்புக்கு அவ்வளவு எளிதில் பதில் சொல்ல முடியாது. அப்படிச் சொல்பவர்கள், கார்புரேட்டரில் பனி படியத் தொடங்குவதைக் காதாலேயே உணர்ந்த தலைமுறையினர். அவர்களுக்கு நான் சொல்வது: சுற்றுகாட்டும் முள்ளைப் பார்க்கும் வேளைகளைக் கூட்டுங்கள். இன்னும் கடினமானது இது: இறக்கை தூக்குவிசையை இழக்கப்போவதை அறிவிக்கும் செஸ்னா 172இன் ஸ்டால் எச்சரிக்கை, இடது இறக்கையின் முன்விளிம்பில் அழுத்தம் குறையும்போது உறிஞ்சப்படும் காற்றால் ஒலிக்கும் ஒரு குழல்; மின்கம்பி எதுவும் அதில் இல்லை. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைப் பெட்டியும் பெரும்பாலும் தனியே ஒலிப்பதுதான். கம்பி வழியாக வராத ஒலிக்குப் பாட்டை அடக்க எந்தப் பேனலாலும் ஆகாது. எனவே பாட்டின் ஒலியளவைக் கோபுரத்தின் குரலோடு மட்டும் ஒப்பிட்டு வைக்காதீர்கள். தரையில் அந்த மோனாக்சைடு பெட்டியின் சோதனைப் பொத்தானை அழுத்தி, எஞ்சின் ஓடும்போதும் அது பாட்டைத் தாண்டிக் கேட்கும் அளவுக்குக் குறையுங்கள். அந்த அளவில் பாட்டு ரசிக்கவில்லை என்றால், அந்த விமானத்தில் பாட்டு வேண்டாம்.