காலிப் பத்தியை வாசிப்பவர்கள்

லாக் தேடலில் நல்ல க்வெரி எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பழுதான க்வெரியைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. அப்படி ஒருவர் ஸ்ப்ளங்க் என்னும் லாக் தேடல் மென்பொருளின் திரைமுன் வேலை செய்வதைப் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்க்கக் கிடைத்தால் நான் எழுந்து போக மாட்டேன்.

ஸ்ப்ளங்கில் ஒரு ஃபீல்டைக் கணக்கிட்டு உண்டாக்கும் கட்டளை 'இவால்'. அதன் குணம் அலாதி. கணக்குக்கு வேண்டிய ஃபீல்டு அந்த லாக் வரியில் இல்லையென்றால் சிவப்பு எழுத்தில் புலம்பாது. விடையைக் காலியாக விட்டுவிட்டுப் போய்விடும். கத்துகிற மென்பொருளைத் திருத்த யாராலும் முடியும். வாயே திறக்காததிடம்தான் கைத்திறன் தெரியும்.

'ரெஸ்பான்ஸ்-டைம்' என்றொரு ஃபீல்டு மில்லிசெகண்டில் இருக்கிறது. 1000-ஆல் வகுத்தால் நொடிக்கணக்கு. எழுதி ஓட்டினால் பத்தி முழுக்கக் காலி. தேர்ந்தவரின் கண் நேரே நடுவிலுள்ள சிறு கோட்டுக்குப் போகும். இவாலுக்கு அது பெயரின் பகுதியல்ல, கழித்தல் குறி! 'ரெஸ்பான்ஸ்' என்பதிலிருந்து 'டைம்' என்பதைக் கழிக்கப் பார்க்கிறது; லாக்கில் இரண்டுமே கிடையாது. பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் வைத்தால் தீர்ந்தது. அவசரக்காரர் இரட்டை மேற்கோள் போடுவார். அப்போது அது ஃபீல்டே அல்ல, வெறும் எழுத்துச் சரம். எழுத்தை எப்படி வகுப்பது என்று இவால் அப்போதுதான் முதல்முறையாகச் சண்டைக்கு வரும்.

மேற்கோள் சரியாக இருந்தும் காலி என்றால் தேர்ந்தவர், மதிப்பின் வகையைச் சொல்லும் 'டைப்ஆஃப்' போட்டுப் பார்ப்பார். 'ஸ்ட்ரிங்' என்று வந்தால், 1,234-இல் இருக்கும் காற்புள்ளி போன்ற ஏதோ ஒன்று எண்ணை எழுத்தாக்கியிருக்கிறது. 'இன்வாலிட்' என்று வந்தால் ஃபீல்டே அங்கில்லை: பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருக்கலாம், இல்லை, முன்னால் வந்த 'ஸ்டாட்ஸ்' என்ற தொகுப்புக் கட்டளை அதை விழுங்கியிருக்கலாம். ஸ்டாட்ஸ் தான் கணக்கிட்டதையும் பிரித்ததையும் தவிர எதையும் அடுத்த பைப்புக்கு, அதாவது தேடலின் அடுத்த படிக்கு, தராது. வால்பக்கமிருந்து ஒவ்வொரு பைப்பாக வெட்டிக்கொண்டே வந்து, தொலைந்த ஃபீல்டு தலைகாட்டும் இடத்தில் நிறுத்துவாரே, அதுதான் எனக்குப் பிடித்த கட்டம்.

காலியைக் கண்டதும் 'ஃபில்நல்' போட்டு பூஜ்யத்தால் நிரப்புகிறவர்களை என்னால் ரசிக்க முடிவதில்லை. திரை அழகாகிவிடும், சராசரி பொய்யாகிவிடும்.

கடைசிச் சோதனை, கணக்கீட்டு ஃபீல்டுகளை நிரந்தரமாக எழுதிவைக்கும் 'ப்ராப்ஸ்.கான்ஃப்' கோப்பில். மேல் வரியில் உண்டாக்கியதைக் கீழ் வரியில் எடுத்தாளலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அங்கே எல்லாம் ஒரே வேளையில், தனித்தனியாகக் கணக்கிடப்படுகின்றன. ஒன்றை ஒன்று பார்க்காது. வேறோர் அட்டவணையிலிருந்து விவரத்தை எடுத்துச் சேர்க்கும் லுக்கப் அதற்கும் பிறகுதான் வரும், எனவே அதன் விடையும் இங்கே உதவாது. ஒன்றையொன்று நம்பியிருக்கும் கணக்கென்றால் ஒரே கோவையாகச் சேர்த்து எழுதுங்கள். லுக்கப் விடை வேண்டுமென்றால் தேடலிலேயே இவால் போடுங்கள்.