கண்ணாடிக்கும் கன்னத்துக்கும் நடுவே

நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டரின் சுவிட்சைத் தட்டியதும் அதன் வட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று சுற்றுகிறது. கணக்குப் போட்டால் வட்டின் விளிம்பு நொடிக்கு 57 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். இரும்புக் குழாயை அறுக்கும்போது புஸ்வாணம் மாதிரி சிதறுகிறதே, அந்தப் பொறி ஒவ்வொன்றும் காற்றில் எரிந்துகொண்டே பறக்கும் இரும்புத் துணுக்கு. சாக்பீஸ் கோடு தெரிய வேண்டும் என்று அறுப்பவர் முகத்தை அதற்கு ஒரு முழ தூரத்தில் வைத்திருக்கிறார்.

பட்டறைகளில் ‘ஏஜி ஃபோர்’ என்று அழைக்கப்படும் இந்தக் கருவி இப்போது வீட்டுப் பரணுக்கும் வந்துவிட்டது. பெட்டியைத் திறந்தால் வட்டை மூடும் கார்டு, பக்கவாட்டுக் கைப்பிடி, ஸ்பேனர் எல்லாம் இருக்கும். கண்ணுக்கு மாட்டிக்கொள்ள எதுவும் பெரும்பாலும் இருக்காது. எனவே இந்த முறை கிரைண்டரை ஓரமாக வைத்துவிட்டு, அதோடு சேர்த்து வாங்கவேண்டிய கண்காப்புகள் விமர்சனத்துக்கு எடுக்கப்பட்டன. கோவைப் பக்கம் ஒரு கிரில் பட்டறை, டைல்ஸ் வேலை நடந்துகொண்டிருந்த ஒரு வீடு, புல்வெட்டும் மெஷின் ஓடும் ஒரு தென்னந்தோப்பு என மூன்று இடங்களில் ஐந்து ரகங்கள் முகத்தில் ஏறின.

முதல் ரகத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஹார்டுவேர் கடை வாசலில் கொத்தாகத் தொங்கும் அடையாளமற்ற பிளாஸ்டிக் கண்ணாடி. எந்தப் பிளாஸ்டிக் என்று விற்பவருக்கே தெரியாது. அதன் வழியாகப் பார்த்தால் நேர்க்கோடு லேசாக நெளிகிறது. சிறிது நேரத்தில் தலை வலிக்கிறது. பிறகு அது நெற்றிக்கு ஏறிவிடுகிறது. நெற்றியில் இருக்கும் கண்ணாடி காப்பது புருவத்தின் மேல்பகுதியை. கூலிங் கிளாஸும் இதே வரிசையில்தான் வரும். பவர் கண்ணாடி போட்டிருப்பவர்களும் ‘நமக்குத்தான் கண்ணாடி இருக்கிறதே’ என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. படிப்பதற்காகச் செய்த லென்ஸ் அடியைத் தாங்கும் என்று யாரும் சோதித்துத் தருவதில்லை. அது அசல் கண்ணாடி லென்ஸாக இருந்தால் சூடான பொறிகள் அதில் உருகி ஒட்டிப் புள்ளி புள்ளியாகக் குழி விடும். கிரில் வேலை செய்பவர்களின் பழைய கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இது தெரியும்.

வாங்கும்போது தேட வேண்டியது, லென்ஸின் ஓரத்திலும் காதுத் தண்டிலும் பொறித்திருக்கும் குறிகளை. இந்தியத் தரம் ஐஎஸ் 5983. சந்தையில் அதிகம் கண்ணில் படுவது ஐரோப்பாவின் இஎன் 166, அமெரிக்காவின் இசட்87+. இஎன் 166 முத்திரைக்குப் பக்கத்தில் ஒற்றை ஆங்கில எழுத்து ஒன்று நிற்கும். ‘எஃப்’ என்றால் 6 மில்லிமீட்டர் விட்டமும் 0.86 கிராம் எடையும் கொண்ட எஃகுக் குண்டை நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் அடித்தும் லென்ஸ் தாங்கியது என்று பொருள். ‘பி’ என்றால் அதே குண்டு 120 மீட்டர் வேகத்தில். ‘ஏ’ என்றால் 190 மீட்டர். சாதாரணக் கண்ணாடி வடிவத்துக்கு ‘எஃப்’தான் உச்சம். ‘பி’ முகத்தோடு ஒட்டி நிற்கும் காகிள்ஸ் வரை கிடைக்கும். ‘ஏ’ முகக் கவசத்துக்கு மட்டும்.

வட்டின் விளிம்பு வேகம் 57 மீட்டர், கண்ணாடி தாங்கியது 45 மீட்டர் என்றதும் பதற வேண்டாம். பொறித் துணுக்கின் எடை அந்தக் குண்டின் எடையில் மிகச் சிறு பங்கு. அதை ‘எஃப்’ லென்ஸ் சிரமமில்லாமல் தடுக்கும். வட்டே உடைந்து பறக்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. 5 கிராம் எடையுள்ள உடைசல் 57 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் ஆற்றல் சுமார் 8 ஜூல். ‘எஃப்’ சோதனைக் குண்டின் ஆற்றல் 0.9 ஜூலுக்குள், ‘பி’ சோதனை 6 ஜூலுக்குச் சற்று மேல், ‘ஏ’ சோதனை 15 ஜூலைத் தாண்டுகிறது. உடைசலின் முனை குண்டுபோல் உருண்டையாக இருக்கப் போவதுமில்லை. கார்டைக் கழற்றி வீசிவிட்டுப் பெரிய வட்டை மாட்டுபவர்களும், மரம் அறுக்கும் பல்சக்கரத்தை கிரைண்டரில் பூட்டுபவர்களும் இந்த மூன்று எண்களையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. பிசின் வைத்து இறுக்கிய அறுப்பு வட்டுக்குக் காலாவதி தேதி உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது. நடுத்துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும்.

இரண்டாவது ரகம், பக்கவாட்டிலும் வளைந்து வரும் பாலிகார்பனேட் கண்ணாடி. நூறு ரூபாயிலிருந்து சில நூறு வரை விலை. 1953இல் ஜெர்மனியின் பாயர் நிறுவனத்திலும் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கிலும் தனித்தனியே உருவான இந்தப் பிளாஸ்டிக், அடிபட்டால் நொறுங்காமல் வளைந்து கொடுக்கும். நிலவுக்குப் போனவர்களின் தலைக்கவசத்திலும் இதுவே இருந்தது. பலவற்றின் எடை 30 கிராமுக்குள் என்பதால் மாட்டிய சற்று நேரத்தில் மறந்துபோகிறது. பட்டறையில் மறுப்பில்லாமல் எல்லோரும் மாட்டிக்கொண்டது இதை மட்டும்தான்.

ஆனால் அதே பட்டறையில் ஒரு சின்னச் சோதனை. அறுத்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைச் செல்போன் கேமராவில் பார்க்கச் சொன்னபோது, மூக்கின் இரு பக்கமும் கன்ன மேட்டிலிருந்து கீழ் இமை வரைக்கும் கரிய தூள் ஒரு பாதை போட்டிருந்தது. லென்ஸுக்கும் கன்னத்துக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் இடைவெளி. குனிந்து வேலை செய்யும்போது தூள் அந்த வழியாகத்தான் மேலே ஏறுகிறது. “வேர்வையில மூக்குல நிக்க மாட்டேங்குது சார், வழுக்கிட்டே இருக்கு” என்றார் மேஸ்திரி. தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் வழுக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இது ஒரு பட்டறையின் கதையல்ல. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை, கண்ணில் காயம்பட்ட தொழிலாளர்களிடம் முன்பு நடத்திய ஆய்வில், 5 பேரில் ஏறத்தாழ 3 பேர் எந்தக் கண்காப்பும் அணிந்திருக்கவில்லை. அணிந்திருந்தும் காயம்பட்டவர்களை எடுத்துக்கொண்டால், 100க்கு 94 பேருக்குப் பொருள் லென்ஸைச் சுற்றியோ அடியிலோ நுழைந்திருந்தது. பறந்து வந்து தாக்கியவற்றில் பாதிக்கு மேல் குண்டூசித் தலையைவிடச் சிறியவை. குண்டு துளைக்காத லென்ஸ் என்ற விளம்பரத்தைப் பார்த்து வாங்குபவர் சட்டகத்தின் ஓரத்தைப் பார்ப்பதில்லை.

அந்தச் சிறிய துணுக்கு செய்வது என்ன? கருவிழியின் தடிமன் அரை மில்லிமீட்டர் சொச்சம். சூடான இரும்புத் துகள் அதில் குத்தி நின்றால் ஒரு நாளுக்குள்ளாகவே சுற்றிலும் துரு வளையம் கட்டத் தொடங்கும். துகளை எடுத்தாலும் துரு நிற்கும். அதையும் மருத்துவர் நுண்ணோக்கி விளக்கின் கீழ் சுரண்டி எடுக்க வேண்டும். பட்டறையில் நடப்பதோ வேறு. நண்பர் ஒருவர் தீக்குச்சி முனையிலோ துணி நுனியிலோ எடுத்து விடுகிறார். ஊர்ப்பக்கம் தாய்ப்பால் விடும் வழக்கமும் இன்னும் இருக்கிறது. கீறலில் கிருமி ஏறிவிட்டால் அது கருவிழிப் புண்ணாகிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் மூன்று மாதங்களில் வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளை ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட கட்டுரையில், சுமார் 65 விழுக்காட்டினர் அதற்கு முன் கண்ணில் காயம்பட்டவர்கள். அவர்களில் வயலில் காயம்பட்டவர்களே மிகுதி என்றாலும், கீறலுக்குள் நுழையும் கிருமி அது எங்கே பட்ட கீறல் என்று விசாரிப்பதில்லை.

இதைவிட மோசமானது வலிக்காத காயம். சுத்தியலால் உளியை அடிக்கும்போது உளித்தலையின் பிசிர் தெறித்து, கண்ணைத் துளைத்து உள்ளே போய்விடுவதுண்டு. நுழைந்த வாசல் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. லேசான உறுத்தல், பார்வை அப்படியே இருக்கும், அவரும் வேலையைத் தொடர்வார். உள்ளே தங்கிய இரும்பு மெல்லக் கரைந்து விழித்திரைக்கு நஞ்சாகும். பார்வை மங்கி மருத்துவரிடம் போக மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம். எம்ஆர்ஐ எடுப்பதற்கு முன் ‘எப்போதாவது கிரைண்டிங், வெல்டிங் வேலை செய்ததுண்டா?’ என்று கேட்பதும் இதனால்தான். காந்தம் அந்தத் துண்டை நகர்த்திவிடும். சந்தேகம் இருந்தால் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். சுத்தியல் அடிக்கும்போது துணுக்கு தெறித்து உள்ளே போயிருக்கலாம் என்று தோன்றினால் கண்ணைத் தேய்க்கவோ அழுத்திக் கட்டவோ கூடாது. காகிதக் கப்பைக் கவிழ்த்து, கண்ணில் படாமல் ஒட்டிக்கொண்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். சிமென்ட்டோ சுண்ணாம்போ விழுந்தால் முறை தலைகீழ்: அங்கேயே, அப்போதே, குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

மீண்டும் கண்காப்புக்கு. மூன்றாவது ரகமான காகிள்ஸ், ரப்பர் பட்டையோடு முகத்தில் ஒட்டி உட்கார்கிறது. டைல்ஸ் அறுத்த வீட்டில் மற்ற எல்லாவற்றையும் தோற்கடித்தது இதுதான். கழற்றியபோது கண்ணைச் சுற்றி வெள்ளைத் தூள் கோடு சுத்தமாக நின்றிருந்தது. வாங்கும்போது காற்றுத் துளைகளைக் கவனிக்கவும். நேராகத் துளை போட்டிருந்தால் தூளும் நேராக வரும். மூடி போட்டு வளைத்து விட்டிருப்பதே தேவை. இதன் பகை, ஆவி. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு மாட்டினால் மூச்சு முழுக்க மேலே போய் லென்ஸ் வெளுத்துவிடுகிறது. மூக்குத் தண்டில் கம்பி வைத்த மாஸ்க்கைப் போட்டதும் பாதித் தொல்லை குறைந்தது. டைல்ஸ் தூளில் சிலிகா இருப்பதால் அந்த மாஸ்க் எப்படியும் வேண்டும். குறிகளில் ‘என்’ எழுத்து இருந்தால் ஆவி படியாத பூச்சு உண்டு என்று பொருள். இந்த வெயிலுக்கு அதற்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

தோப்பில் புல்வெட்டும் மெஷினுக்குக் கம்பி வலைக் கண்காப்பு தருகிறார்கள். ஆவியே படியாது, காற்று தாராளம். சுள்ளியையும் கூழாங்கல்லையும் நிறுத்துகிறது. மண் தூளையும் தென்னைச் சிம்பின் பொடியையும் நிறுத்தாது. அதன் அடியில் வளைவுக் கண்ணாடி ஒன்றும் இருந்தால்தான் முழுமை.

முழு முகக் கவசம் கடைசி. ‘ஏ’ அல்லது ‘பி’ குறியுள்ள தடித்த பாலிகார்பனேட் கவசத்தை அணிந்து அறுக்கும்போது கன்னத்திலும் தாடையிலும் பொறி சுடுவதில்லை என்பதே வேலை செய்பவர்களை முதலில் கவர்கிறது. ஆனால் கவசத்துக்கு அடியிலும் கண்ணாடி அணிந்தாக வேண்டும்; தலையை நிமிர்த்திக் கவசத்தைத் தூக்கும் நொடியில்தான் அதன் விளிம்பில் தங்கிய தூள் உள்ளே கொட்டுகிறது. 2020இல் கொரோனாவுக்காக வாங்கிய மெல்லிய தாள் கவசம் இன்னும் வீட்டில் கிடந்தால் அதை இதற்கு எடுக்க வேண்டாம். நிறமில்லாத எந்தக் காப்பும் வெல்டிங் ஒளிக்கு உதவாது என்பதையும் சொல்லிவிடலாம்.

பராமரிப்பில் இரண்டு எதிரிகள். ஒன்று தோள் துண்டு: தூளோடு உலரத் துடைத்தால் பாலிகார்பனேட் கீறிவிடும், முதலில் தண்ணீர். மற்றொன்று தின்னர். பெயின்ட் பட்டுவிட்டது என்று தின்னரில் துடைத்தால் லென்ஸுக்குள் மயிரிழை விரிசல்கள் ஓடி, சோதனைக்கூடத்தில் பெற்ற வலிமை அத்தோடு போய்விடும்.

தெறிக்கும் துணுக்குகளிலிருந்து கண்ணைக் காப்பது முதலாளியின் பொறுப்பு என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 35ஆவது பிரிவு எழுதி வைத்தது. மின்சாரத்தில் இயங்கும் இடமென்றால் 10 பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டத்தின் கண்ணில் அது தொழிற்சாலையாக இருந்தது. மூன்று பேர் கொண்ட கிரில் பட்டறையும், ஒப்பந்தத்தில் வரும் டைல்ஸ் தொழிலாளியும் அதற்கு வெளியேதான் நின்றார்கள்.

தீர்ப்பு: கிரில் வேலைக்கு, ஓரத்தில் ஃபோம் வைத்த பாலிகார்பனேட் கண்ணாடி, அதன் மேல் முகக் கவசம். டைல்ஸுக்கும் சுவர் துளைக்கவும் காகிள்ஸ். உளி அடிக்கக் குறைந்தது வளைவுக் கண்ணாடி. கண்ணுக்குச் சுத்தியலும் மின்கருவியும் ஒன்றுதான். நாற்பதைக் கடந்தவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. பட்டறையில் மூத்தவர் மூன்று முறை கண்ணாடியைக் கழற்றியதற்குக் காரணம் வேர்வையல்ல. சாக்பீஸ் கோடு அவருக்குக் கிட்டத்தில் தெரியவில்லை. லென்ஸின் கீழ்ப்பகுதியில் +1.5, +2.0 என்று படிப்புப் பவர் வைத்த பாதுகாப்புக் கண்ணாடிகள் கிடைக்கின்றன. சின்ன ஹார்டுவேர் கடைகளில் தொங்குவதில்லை. பாதுகாப்புச் சாதனம் விற்கும் கடைகளில் பவரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.