டிரைவரோடு ஒரு கடற்கரை நாள்

பொழிச்சலூரில் நாள் வாடகைக்குக் கார் பிடித்தால் பல்லாவரம், துரைப்பாக்கம் தாண்டும்வரை நெரிசல்தான். அக்கரையில் கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தொட்டதும் நல்ல டிரைவர் கேட்காமலே ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்குவார். முட்டுக்காடு பாலத்தில் வேகம் தானாகக் குறையும். ஒருபக்கம் உப்பங்கழி, மறுபக்கம் முகத்துவாரம்.

மாமல்லபுரத்தில் எல்லாரும் நிறுத்துவார்கள். எனக்குப் பிடித்தவர், இன்னும் தெற்கே சதுரங்கப்பட்டினம் வரை விடுபவர். அங்கே டச்சுக் கோட்டையின் செங்கல் மதிலுக்குள் கல்லறைகள். அவற்றின்மேல் கிடத்திய கற்களில் குடும்பச் சின்னமும் எழுத்தும் அவ்வளவு நுணுக்கம். 1782இல் கோட்டைக்கு எதிரே உள்ள கடலில்தான் ஆங்கிலேய, பிரெஞ்சுக் கப்பல்கள் மோதின. நாம் ஊர்ந்து ஊர்ந்து பார்த்து முடிக்கும்வரை டிரைவர் அண்ணன் சீட்டைச் சாய்த்துக் கண்ணயர்வார், ஒரு ஹாரன்கூட அடிக்காமல். அந்தப் பொறுமைக்கு பேட்டாவில் நூறு கூட்டிக் கொடுக்கலாம்.