உளப்படுத்தும் 'நாம்': நிறுவனச் சொல்லாடலில் ஒரு தன்மைப் பன்மை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு மொழிபெயர்ப்பு வேலை செய்துகொடுத்தேன். அதன் பெயர் இங்கே அவசியமில்லை. அந்த வட்டாரத்தில் எந்தத் தொழிற்சாலைக்குள் போனாலும் வரவேற்பறைச் சுவரில் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பலகை தொங்கும். நிறுவனத்தின் 'வேல்யூஸ்' ஐந்தோ ஆறோ, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், கீழே இரண்டு வரி விளக்கம். அந்தப் பலகையையும், ஊழியர்களுக்கென்று மாதாமாதம் அச்சாகும் எட்டுப் பக்க உள்சுற்று இதழையும் தமிழில் தரவேண்டும். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. மறுக்கிற நிலையில் நான் இல்லை. இதைச் சொல்லிவிட்டு மேலே பேசுவதுதான் முறை.

முதல் சிக்கல் 'வேல்யூஸ்' என்ற சொல்லிலேயே வந்தது. 'விழுமியங்கள்' என்று எழுதினேன். மனிதவளப் பிரிவில் இருந்த இளைஞர் பார்த்துவிட்டு, "சார், இது ஷாப் ஃப்ளோர்ல ஒருத்தருக்கும் புரியாது" என்றார். சரிதான். 'மதிப்புகள்' என்று மாற்றினேன். இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்களுக்கு 'மதிப்பு' என்றதும் 'உபரி மதிப்பு' நினைவுக்கு வரும். எனக்கும் வந்தது, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். தொழிலாளர்களுக்கு அது வேறு மாதிரி ஒலித்திருக்கிறது. மதிப்பெண், மதிப்பீடு, அதாவது வருஷா வருஷம் மார்க்குப் போட்டு இன்கிரிமென்ட் நிர்ணயிக்கிற சமாச்சாரம். அவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்று சொல்லமாட்டேன். பல நிறுவனங்களில் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் இந்த 'வேல்யூஸ்'தான் கட்டம் கட்டமாக வந்து உட்கார்ந்திருக்கின்றன.

இரண்டாவது சிக்கல்தான் இக்கட்டுரைக்குக் காரணம். ஆங்கில மூலத்தில் ஒவ்வொரு வாக்கியமும் 'வீ' என்று தொடங்கியது. ஆங்கிலத்துக்கு அந்த ஒரு சொல் போதும். தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது. கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்', வெளியே நிறுத்தினால் 'நாங்கள்'. நம் இலக்கணக்காரர்கள் முன்னதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பார்கள். உளப்படுத்துதல் என்றால் எதிரில் இருப்பவரைத் தன்னோடு உள்ளே சேர்த்துக்கொள்ளுதல். இன்றைய நிர்வாகவியல் எந்தக் காரியத்துக்காக இதழ், பலகை, கூட்டம், பரிசு என்று இவ்வளவு செலவு செய்கிறதோ, அதற்குத் தமிழ் இலக்கணத்தில் வெகுநாளாகவே ஒரு பெயர் இருந்திருக்கிறது.

'நாங்கள்' என்று போட்டுப் பார்த்தேன். "நாங்கள் ஒருவரையொருவர் மதிக்கிறோம்." இளைஞர் உடனே பிடித்துக்கொண்டார். "சார், 'நாங்கள்'னு போட்டா மேனேஜ்மென்ட் தனி, ஒர்க்கர் தனின்னு ஆயிடும். 'நாம்'னே போடுங்க." கருத்தியல் எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு அதைவிடச் சுருக்கமாக யாரும் வகுப்பெடுத்ததில்லை.

அல்தூஸரின் 1970ஆம் ஆண்டுக் கட்டுரையில் வரும் போலீஸ்காரரை இங்கே பலருக்கும் தெரியும். தெருவில் 'ஏய், உன்னைத்தான்' என்று கூப்பிடுகிறார். திரும்பிப் பார்க்கிற கணத்தில் அந்த மனிதர் ஒரு தன்னிலையாக, அடிபணிந்தவராக ஆகிவிடுகிறார். விளித்தல் என்று இதை மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். ஆனால் அந்த விளி முன்னிலையில் நிகழ்கிறது. கூப்பிடுகிறவன் வேறு, கூப்பிடப்படுகிறவன் வேறு என்பது அதில் மறையவில்லை. கோபப்படலாம், ஓடலாம். நிறுவன இதழ் உங்களை முன்னிலையில் விளிப்பதில்லை, தன்மையில் விளிக்கிறது. உங்கள் வாயிலிருந்தே வந்தது போல 'நாம்' என்கிறது. யாரிடம் திரும்பிப் பார்ப்பது?

இது நேற்று முளைத்ததல்ல. 1914இல் ஃபோர்டு ஐந்து டாலர் தினக்கூலி அறிவித்தபோது, அதைப் பெறத் தொழிலாளி தகுதியானவன்தானா என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்க ஒரு 'சமூகவியல் துறை' வைத்திருந்தார். குடிக்கிறானா, சேமிக்கிறானா, வீட்டில் வாடகைக்கு ஆள் வைத்திருக்கிறானா எல்லாம் குறிக்கப்பட்டது. கம்பெனியின் ஆங்கிலப் பள்ளியில் படித்து முடித்த குடியேறிகள், தத்தம் நாட்டு உடையில் ஒரு பெரிய கொப்பரைக்குள் இறங்கி அமெரிக்க உடையில் வெளியே வரும் விழாவும் நடந்தது. கேலிச்சித்திரம் அல்ல, உண்மையாகவே மேடையில் செய்தார்கள். புதிய உற்பத்தி முறைக்குப் புதிய மனிதன் தேவை என்று கிராம்ஷி சிறையில் எழுதியது இந்த ஃபோர்டைப் பார்த்துத்தான். ஜப்பானில் மட்சுஷிடா 1933இல் தன் கொள்கைகளைத் தினமும் காலையில் ஒப்பிக்கவைத்தது. அதே முப்பதுகளில் ஐ.பி.எம். தலைவரைப் புகழ்ந்து பாடப் பாட்டுப் புத்தகமே வைத்திருந்தது.

இதையெல்லாம் 1982இல் பீட்டர்ஸ், வாட்டர்மன் இருவரும் சிறந்த நிறுவனங்கள் பற்றிய தங்கள் நூலில் நிர்வாகச் சூத்திரமாக்கினார்கள்: வலுவான 'கலாச்சாரம்' இருந்தால் கங்காணி தேவையில்லை. பத்து வருஷம் கழித்து 1992இல் கிடியன் குண்டா ஓர் அமெரிக்கத் தொழில்நுட்ப நிறுவனத்துக்குள் உட்கார்ந்து எழுதிய ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. அங்கே பொறியாளர்கள் கம்பெனி மந்திரங்களை நம்பிக்கொண்டு திரியவில்லை. கிண்டல் செய்தார்கள், கண்ணடித்தார்கள், அப்புறம் இரவு பத்து மணிவரை வேலை பார்த்தார்கள். கிண்டலுக்கும் அந்த அமைப்பில் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. 'நாங்கள் ஏமாறவில்லை' என்ற பெருமிதம் கீழ்ப்படிதலுக்கு இடைஞ்சலாக இல்லை. நம் பக்கத்து அறிவுஜீவிகள் யோசிக்கவேண்டிய இடம் இது.

ஏனென்றால் நாம் பொதுவாக இதைப் 'பசப்பு', 'போலித்தனம்' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறோம். கைவசம் என்ரான் இருக்கவே இருக்கிறது. மரியாதை, நேர்மை, தகவல் பரிமாற்றம், மேன்மை என்று நான்கு விழுமியங்கள். 2000இல் அறுபத்து நான்கு பக்க நெறிமுறைப் புத்தகம், 2001 டிசம்பரில் திவால். சிரிப்பதற்கு நல்ல கதை. ஆனால் போலி என்று சொல்லும்போதே 'அசல்' ஒன்று சாத்தியம், சொன்னபடி நடந்துகொள்ளும் நிறுவனம் இருந்தால் பிரச்சினை தீர்ந்தது என்று ஒப்புக்கொள்கிறோம். உண்மையாகவே கேட்டு, உண்மையாகவே எழுதிய விழுமியங்களை என்ன செய்வது?

2003 ஜூலையில் ஐ.பி.எம். 72 மணி நேரம், உலகம் முழுக்க உள்ள தன் ஊழியர்களைக் கணினி வழியாகப் பேசவிட்டது. நிறுவனம் எதற்காக நிற்கிறது என்று அவர்களே சொல்லட்டும் என்றார்கள். திட்டித் தீர்த்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஆட்குறைப்பே செய்யாத கம்பெனி என்ற பழைய பெருமை போய்ப் பல்லாயிரம் பேர் வெளியேற்றப்பட்ட காயம் ஆறியிருக்கவில்லை. நிறுத்திவிடலாம் என்று மேல்மட்டத்தில் ஒருவர் சொன்னதாகத் தலைவர் பல்மிசானோவே பிறகு ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். நிறுத்தவில்லை. அவ்வளவு பேச்சையும் வடிகட்டி மூன்று விழுமியங்கள் வெளியிட்டார்கள்: வாடிக்கையாளரின் வெற்றிக்கு அர்ப்பணிப்பு, உலகுக்குப் பயன்படும் புதுமை, எல்லா உறவிலும் நம்பிக்கையும் தனிமனிதப் பொறுப்பும். இதில் பொய் எங்கே? பேசச் சொன்னது உண்மை, பேசினது உண்மை. ஆனால் எதைப் பற்றிப் பேசுவது, பேச்சை எதுவாகச் சுருக்குவது, யாரை அனுப்புவது என்ற மூன்றும் பேசினவர்களின் கையில் இல்லை. பொறுப்பு தனிமனிதனுடையது ஆகிவிட்டது, கவனியுங்கள்.

மறுபடி என் எட்டுப் பக்க இதழுக்கு வருகிறேன். ஒரு வருஷத்து இதழ்களை மொழிபெயர்த்த பிறகு, வேலை முடிந்த ஓய்வில் எல்லாவற்றையும் பரப்பிவைத்து 'நாம்' எங்கே வருகிறது, எங்கே காணாமல் போகிறது என்று பென்சிலால் குறித்தேன். உற்பத்தி இலக்கைத் தாண்டிய மாதம்: 'நாம் சாதித்தோம்.' ஆயுத பூஜை: 'நம் குடும்பம்.' இரவு ஷிஃப்டின் பஸ் ரூட் குறைக்கப்பட்டபோது: 'நிர்வாகம் முடிவெடுத்துள்ளது.' அங்கே மட்டும் நிர்வாகம் தனியாக எழுந்து நின்றது. ஒருவருக்குக் கையில் அடிபட்ட மாதத்தில் வாக்கியத்துக்கு எழுவாயே இல்லை: 'விபத்து நேர்ந்தது.' அடுத்த வரியில் 'ஊழியர்கள் பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும்' என்று படர்க்கை. சம்பள உயர்வு தள்ளிப்போனபோது சந்தைச் சூழல் எழுவாய் ஆயிற்று. வெற்றியில் தன்மை, விபத்தில் படர்க்கை. எந்த ஆசிரியரும் இப்படித் திட்டமிட்டு எழுதியிருக்க மாட்டார். அந்த மனிதவள இளைஞர் நல்லவர். குக்கர் பரிசு பெற்ற பெண்ணின் போட்டோ பெரிதாக வரவேண்டுமென்று அச்சகத்தில் சண்டை போட்டவர். வாக்கியம் தானாகவே அப்படி அமைகிறது. வொலோஷினோவ் 1929இலேயே குறியை வர்க்கப் போராட்டத்தின் களம் என்றார். களம் ஒரு சுட்டுப்பெயரிலும் இருக்கலாம்.

தமிழில் 'நாம்' என்பதற்கு இன்னொரு பழைய உபயோகமும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் தன்னைக் குறிப்பதும் 'நாம்' என்றுதான். அந்த 'நாம்' யாரையும் உளப்படுத்துவதில்லை. அது ஒருவர்; பன்மையாக ஒலிக்கிற அதிகாரம். நிறுவனத்தின் 'நாம்' இந்த இரண்டுக்கும் நடுவே வசதியாக நடமாடுகிறது. கேட்கும்போது உளப்பாடு, ஆணையிடும்போது ராஜராஜன். எது எப்போது என்று தீர்மானிக்கும் உரிமை பேசுகிறவருக்கே.

அந்த உரிமையைத் தொழிலாளி கையில் எடுத்தால் என்ன ஆகும் என்பதை 2024இல் பார்த்தோம். ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் தொழிற்சாலையில் செப்டம்பர் 9இல் தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. டி.வி., ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் செய்யும் ஆலை. சம்பளம், வேலைநேரம் எல்லாம் கோரிக்கையில் இருந்தன. நடுவில் இருந்தது சங்கத்துக்கு அங்கீகாரம். சாம்சங் உலகறிய அறிவித்திருக்கும் விழுமியங்கள் ஐந்து: மக்கள், மேன்மை, மாற்றம், நேர்மை, சேர்ந்து வளம் பெறுதல். 'மக்கள்' முதலில். தென்கொரியாவில் பல பத்தாண்டு கடைப்பிடித்த சங்கமில்லாக் கொள்கையைக் கைவிடுவதாக அதன் வாரிசுத் தலைவர் 2020 மே மாதம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுச் சொன்னதும் பதிவில் இருக்கிறது.

இங்கே தொழிலாளர்கள் சி.ஐ.டி.யு. துணையோடு 'சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்' என்று பெயர் வைத்துப் பதிவுக்குப் போனார்கள். நிறுவனம் ஆட்சேபித்தது. ஆட்சேபத்தில் ஒன்று, சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் வருவது. அது வணிகச் சின்னமாம். விவகாரம் சென்னை உயர்நீதிமன்றம்வரை போய், 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவாயிற்று.

இதைச் சட்டத் தகராறாக மட்டும் வாசிப்பது போதாது. சட்டையிலும் அடையாள அட்டையிலும் அந்தப் பெயரை எட்டு மணி நேரம் சுமக்கலாம். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே போடலாம். அதுவரை அது 'நம்' பெயர். ஆனால் அதே பெயரைத் தங்கள் கூட்டுக்கு எழுவாயாக வைத்ததும் அது சொத்தாகிவிடுகிறது. உளப்பாட்டுப் பன்மைக்குள் இருப்பவர்கள் தாங்களாக 'நாங்கள்' என்று சொன்னது அந்த ஒரு சந்தர்ப்பத்தில்தான். அங்கேதான் மொழி கிழிந்தது.

இதை எழுதும்போது ஓர் உறுத்தல். இந்தக் கட்டுரையிலேயே 'நாம்', 'நம் பக்கம்' என்று எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! மேடைகளில் 'தோழர்களே, நாம்' என்று தொடங்கும்போது அதற்குள் யார் யார்? நிரந்தரத் தொழிலாளரின் 'நாம்' ஒப்பந்தத் தொழிலாளரிடம் வந்ததும் குரல் தடுமாறுவது அந்த வட்டாரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதற்கு எந்த நிறுவன இதழையும் குறை சொல்ல முடியாது.

இதழின் தமிழ் சரளமாக இருக்கிறதா என்று பார்க்க, சுங்குவார்சத்திரத்தில் ஆறு பேரோடு ஒரே அறையில் தங்கியிருந்த தம்பி ஒருவனிடம் அச்சுப்படியைக் கொடுத்தேன். விழுப்புரம் பக்கம். அதே ஆலையில் காண்ட்ராக்ட். நிரந்தரத்தாருக்கு ஒரு நிறச் சட்டை, அவனுக்கு வேறு. எழுத்தெண்ணிப் படித்தான். ஒற்றுப்பிழை இரண்டு கண்டுபிடித்தான். அப்புறம் கேட்டான்: "அண்ணே, இந்த 'நாம்'ல நான் இருக்கனா? ஏன் கேக்கறேன்னா, எங்களுக்கு இந்தப் புக்கே குடுக்க மாட்டாங்க."

மொழிபெயர்ப்புக் கூலி மூன்று மாதம் கழித்து வந்தது. அதற்கு முன் என்னையும் 'வெண்டர்' என்று பதிந்துகொள்ள ஒரு நடத்தை விதிப் புத்தகத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். அதற்கும் தமிழ் தேவைப்பட்டதால், அதே கட்டணத்தில் அதையும் என்னையே செய்யச் சொன்னார்கள். அதிலும் வாக்கியங்கள் 'வீ' என்றே தொடங்கின: வீ எதிர்பார்க்கிறோம், வீ ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். எல்லா இடத்திலும் 'நாங்கள்' என்று போட்டு அனுப்பினேன். இளைஞர் எதையும் திருத்தச் சொல்லவில்லை.