ஒரு பேனாவும் பல கடிதங்களும்: தொஸ்தோயெவ்ஸ்கியின் நாட்குறிப்பு கற்பிப்பது

எழுத்தாளன் ஒருவன் தன் பெயரிலே, தன் பொறுப்பிலே, தான் கண்டதையும் கேட்டதையும் கருதியதையும் மாதந்தோறும் பிரசுரித்து வருவானாயின், அதனால் அவனுக்கும் அவனைப் படிப்போருக்கும் விளையும் பயன் யாது? பத்திராதிபரின் கத்தரிக்கோலும் முதலாளியின் கட்டளையும் எட்டாத பக்கமே உண்மைக்கு மிக அணுக்கமானது என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். எழுதியதை அக்கணமே பலர் முன்னிலையில் வைக்கும் வசதி இன்று எண்ணற்றோருக்கு வாய்த்திருப்பதால் இந்நம்பிக்கை மேலும் வலுப்பெற்றுள்ளது. அஃது எவ்வளவு தூரம் சரியானது என்பதை ஆராய, பத்தொன்பதாம் நூற்றாண்டு ருஷ்யாவில் நிகழ்ந்த ஒரு முயற்சி தக்க சான்றாகும். பியோதர் தொஸ்தோயெவ்ஸ்கி தாமே எழுதித் தாமே வெளியிட்ட 'ஓர் எழுத்தாளனின் நாட்குறிப்பு' என்னும் மாத வெளியீட்டையே குறிப்பிடுகின்றோம்.

இதன் வரலாறு சுருக்கமானது. 1873இல் தொஸ்தோயெவ்ஸ்கி 'குடிமகன்' என்னும் வாரப் பத்திரிகையின் ஆசிரியராயிருந்தார். இளவரசர் மெஷ்சேர்ஸ்கிக்குச் சொந்தமான அப்பத்திரிகை முடியாட்சிக் கருத்துக்களின் களம். அதிலேதான் இந்நாட்குறிப்பு முதலில் ஒரு பகுதியாகத் தோன்றியது. ஆசிரியப் பதவியை விட்டு விலகிய பின், 1876 ஜனவரி தொடக்கம் அதனையே தனி வெளியீடாக அவர் நடத்தலானார். ஆண்டுச் சந்தா இரண்டு ரூபிள். தனிப்பிரதி இருபது கோபெக். பன்னிரண்டு இதழ்களும் சேர்ந்து ஒரே பேனாவால் எழுதப்பட்ட ஒரு நூலாக அமையும் என்று அவர் முன்கூட்டியே அறிவித்தார். 1876, 1877 ஆகிய ஈராண்டுகளும் அது வெளிவந்தது. பின்னர் 1880இல் ஓர் இதழும், அவர் மறைந்த சில நாட்களில் 1881 ஜனவரி இதழும் வெளியாகின.

ஒரே பேனா என்றோம். ஆயினும், எந்தப் பேனாவும் தனித்து இயங்குவதில்லை என்பதை முற்போக்கு வாசகர் மறத்தலாகாது. அவர் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்தவரும், கணக்கு வழக்கையும் விநியோகத்தையும் கவனித்தவரும் அவர் மனைவி அன்னா கிரிகோரியெவ்னா. அச்சுக்கூடத்திலே பக்கங்களைக் கோத்த அலெக்ஸாந்திரோவ் என்னும் தொழிலாளி, அந்நாட்களைப் பற்றிப் பிற்காலத்தில் நினைவுக்குறிப்பே எழுதியுள்ளார். இவற்றிற்கு மேலாக, நாடெங்குமிருந்து வாசகர் எழுதிய கடிதங்கள் அந்த இதழ்களுக்குப் பொருளும் உயிரும் தந்தன.

இந்நாட்குறிப்பை மதிப்பிடுவதில் இருவகைத் தவறுகள் நிகழ்ந்து வந்துள்ளன. கலை கலைக்காகவே என்போர் 'சாந்தமானவள்', 'விகடமான மனிதனின் கனவு' ஆகிய கதைகளை அதிலிருந்து கத்தரித்து எடுத்துப் போற்றுகின்றனர். எஞ்சிய பக்கங்களிலுள்ள அரசியலைக் காணாதவர் போற் கடந்து செல்கின்றனர். நம்மவருட் சிலரோ, பிற்போக்காளரின் பிரசாரம் என்று ஒரே சொல்லில் முழுவதையும் ஒதுக்கி விடுகின்றனர். முன்னவர் நஞ்சை மறைக்கின்றனர். பின்னவர் மருந்தையும் சேர்த்துக் கொட்டுகின்றனர். ஒரே கை இரண்டையும் எவ்வாறு எழுதிற்று என்பதே விமர்சகன் விடை காணவேண்டிய வினா.

முதலில் அக்கை செய்த நற்பணியை நோக்குவோம். 1876 பெப்ரவரி இதழிலே குரோனெபேர்க் வழக்கு விரிவாக ஆராயப்படுகின்றது. ஏழு வயதான தன் மகளைப் பிரம்புகளால் அடித்து வதைத்த தந்தை ஒருவர் பீற்றர்ஸ்பேர்க் நீதிமன்றத்திலே குற்றஞ்சாட்டப்பட்டார். புகழ்பெற்ற வழக்கறிஞரும் தாராளவாதியுமான ஸ்பஸோவிச் அவருக்காக வாதாடி விடுதலை பெற்றுக் கொடுத்தார். தொஸ்தோயெவ்ஸ்கி அவ்வழக்கறிஞரின் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசீலிக்கின்றார். அடியின் கொடுமை சொல்லின் சாதுரியத்தால் எவ்வாறு குறைக்கப்பட்டது, சின்னஞ்சிறு குழந்தை எவ்வாறு தந்திரக்காரியாகச் சித்திரிக்கப்பட்டது என்று காட்டுகின்றார். நாவன்மை அறத்தை விலைக்கு வாங்கும் விதத்தை இவ்வளவு நுட்பமாகப் பிரித்துக் காட்டிய பக்கங்கள் அரியன.

இதனினும் முக்கியமானது கொர்னிலோவா வழக்கு. இருபது வயதுக் குடியானவப் பெண். மனைவியை இழந்த ஒருவருக்கு இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்டவள். முதல் மனைவியோடு ஒப்பிட்டு ஓயாமற் பழிக்கும் கணவன். 1876ஆம் ஆண்டின் ஒரு காலை வேளையில், அவன் வேலைக்குச் சென்ற பின், ஆறு வயதான மாற்றாள் மகளை நான்காம் மாடி யன்னலிலிருந்து கீழே தள்ளிவிட்டாள். பின் யன்னலைச் சாத்திவிட்டுத் தானே பொலிஸ் நிலையத்திற்குச் சென்று செய்ததைச் சொன்னாள். குழந்தை காயமின்றித் தப்பியது வியப்பே. அப்போது அவள் கருவுற்றிருந்தாள். நீதிமன்றம் இரண்டு ஆண்டு எட்டு மாதக் கடூழியமும் அதன்பின் சைபீரியாவில் ஆயுட்காலக் குடியேற்றமும் விதித்தது.

தொஸ்தோயெவ்ஸ்கி ஒக்டோபர் இதழிலே இத்தீர்ப்பை ஐயுற்று எழுதினார். கருவுற்ற நிலையில் உண்டாகும் மனக்கலக்கம் அவள் செயலுக்குக் காரணமாயிருந்திருக்கலாம் என்பதும், ஐயமிருக்கும்போது இரக்கத்தின் பக்கம் சாய்வதே மேல் என்பதும் அவர் வாதம். அத்தோடு அவர் நின்றிருந்தால் அது வெறும் கருணைப் பேச்சாகவே முடிந்திருக்கும். ஆனால் வாசகரான உத்தியோகத்தர் ஒருவர் அவருக்குக் கடிதம் எழுதி, அவளைச் சிறையிற் சென்று காண வழிகாட்டினார். அவர் சென்றார், அவளோடு பேசினார், சிறை அதிகாரிகளிடம் விசாரித்தார், தாம் ஊகித்ததையும் கண்டதையும் ஒப்பிட்டு டிசம்பர் இதழில் எழுதினார். தீர்ப்பு மேலிடத்தில் தள்ளுபடியாகி, 1877 ஏப்ரிலில் மறுவிசாரணை நடந்தபோது கொர்னிலோவா விடுதலையானாள். வதையுண்ட குழந்தையை மறந்து குற்றவாளிக்குப் பரிந்தார் என்று ஒரு பத்திரிகை அவரைச் சாடியது. அதற்கும் அவர் அவ்வாண்டு டிசம்பர் இதழில், தாம் அறிந்த விவரங்களை வரிசைப்படுத்தி நீண்ட விடை அளித்தார்.

ஈண்டு நாம் கவனிக்க வேண்டியது அவருடைய முறையை. ஒரு குறிப்பிட்ட மனிதப் பிறவி. அவளைப் பற்றிய ஓர் ஊகம். அவ்வூகத்தைச் சோதிக்க ஒரு பயணம். எதிர்க் கருத்துக்கு ஒரு பதில். சமூக அமைப்பின் மாற்றத்தை அன்றி மனத்தின் மாற்றத்தையே அவர் நாடினார் என்பது மெய். ஆயினும், அந்த எல்லைக்குள்ளே, தனி ஒருவரின் எழுத்து ஒரு பெண்ணைச் சைபீரியாவிலிருந்து மீட்கத் துணை நின்றது.

இனி, மறுபக்கம். 1877 மார்ச் இதழைப் புரட்டுவோமாயின் அங்கு வேறொரு தொஸ்தோயெவ்ஸ்கி பேசுகின்றார். கொன்ஸ்தாந்திநோப்பிள் இன்றோ நாளையோ ருஷ்யாவுக்கே உரியதாதல் வேண்டும் என்று முழங்குகின்றார். அதே இதழில் யூதர் பற்றிய அத்தியாயம் வருகின்றது. நாட்குறிப்பின் இதழ்களில் யூதரை இழிசொல்லாற் சுட்டி வந்ததை யூத வாசகர் சிலர் கண்டித்து எழுதியிருந்தனர். அவர்களுள் ஒருவர், அந்நாளில் சிறையிலிருந்த பத்திரிகையாளர் ஆர்க்காதி கோவ்னர். அக்கடிதத்தின் பகுதிகளை வெளியிடும் நேர்மை தொஸ்தோயெவ்ஸ்கிக்கு இருந்தது. ஆனால் விடையாக அவர் தந்தது என்ன? அரசுக்குள் ஓர் அரசாக அம்மக்கள் வாழ்கின்றனர் என்ற பழைய குற்றச்சாட்டு. குடியானவனின் வறுமைக்கு அவர்களே காரணம் என்ற பழி. சமவுரிமையை ஒரு கையாற் கொடுத்து, ஐயங்களால் மறு கையாற் பறிக்கும் வாதம். பண்ணை அடிமை முறையையும் சாரின் வரிச்சுமையையும் விட்டுவிட்டு, அதிகாரமற்ற ஒரு சிறுபான்மை மீது மக்கள் துயரத்தைச் சுமத்துவது எத்தகைய அரசியல் என்பதைப் பல இனங்கள் வாழும் நாட்டிலுள்ள நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

கொர்னிலோவாவைச் சிறையில் தேடிச் சென்றவர் யூதக் குடியிருப்பு எதனையும் அவ்வாறு தேடிச் சென்றாரல்லர். அங்கே ஒரு பெண். இங்கே ஓர் 'இனம்'. அங்கே விசாரணை, இங்கே தீர்ப்பு. மனிதரை முகங்களாகக் கண்டபோது தொஸ்தோயெவ்ஸ்கி எழுத்தாளர்; கூட்டப்பெயராகக் கண்டபோது அவர் மெஷ்சேர்ஸ்கியின் பத்திரிகையாளர்.

பால்சாக் தம் அரசியற் சார்பையும் மீறி உண்மையைச் சித்திரித்தார் என்று ஏங்கெல்ஸ் 1888இல் எழுதிய கடிதம் நம் விமர்சகர் அடிக்கடி எடுத்தாள்வது. அதை இங்கு அப்படியே பொருத்த முடியாது. நாவலிலே பாத்திரங்கள் ஆசிரியனை எதிர்த்துப் பேசுகின்றன. தொஸ்தோயெவ்ஸ்கியின் நாவல்களில் ஒவ்வொரு பாத்திரமும் தன் முழுக் குரலோடு பேசுவதை பக்தின் 1929இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். இவான் கரமசோவ் ஆசிரியரின் சமய நம்பிக்கையையே கேள்விக்குள்ளாக்குகின்றான். ஆசிரியர் அவனை வாயடைக்கவில்லை. நாட்குறிப்பிலோ பேசுபவர் ஒருவரே. தடுப்பார் இல்லை. சொந்தப் பக்கம் அவருக்குக் கொடுத்தது சுதந்திரம் மட்டுமன்று. மறுப்பவர் இல்லாத மேடையும் அதுவே. நாவலாசிரியர் தமக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாட்டைக் கட்டுரையாசிரியர் கைவிட்டார்.

ஆயினும் அம்மேடையிலும் இரண்டாவது குரல் நுழைவதற்கு ஒரு வாயில் இருந்தது. அதுதான் வாசகர் கடிதம். அதே மார்ச் இதழின் இறுதியிலே, மின்ஸ்க் நகரத்து யூத இளம்பெண் ஒருத்தி எழுதிய கடிதம் இடம்பெறுகின்றது. நெடுங்காலம் அந்நகர் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த ஹிண்டன்பேர்க் என்னும் ஜேர்மன் வைத்தியரின் இறுதிச் சடங்கை அவள் விவரிக்கின்றாள். வறிய யூதக் குடும்பம் ஒன்றில் பிரசவம் பார்த்தபோது குழந்தையைச் சுற்றத் துணியில்லாமையால் அவர் தம் சட்டையையே கழற்றிக் கிழித்துக் கொடுத்தாராம். அவர் கல்லறையருகே கிறித்தவப் போதகரும் யூத ரபியும் பேசினர், பலர் அழுதனர். முந்திய பக்கங்களில் தொஸ்தோயெவ்ஸ்கி கட்டிய வாதமனைத்தையும் பெயரறியாத இளம்பெண்ணின் இச்சில வரிகள் இடித்துத் தள்ளுகின்றன. அவர் அதனை உணர்ந்தார். அந்த ஒரு நிகழ்ச்சியிலேயே பகைமைக்குத் தீர்வின் தொடக்கத்தைக் காணவும் செய்தார். ஆனால் தம் வாதத்தை மீட்டுக்கொண்டாரில்லை.

அடுத்த மாத இதழிலும் இம்முரண்பாடு தொடர்கின்றது. 1877 ஏப்ரிலில் துருக்கி மீது போர் அறிவிக்கப்பட்டது. அவ்விதழில் அவர் போரை வரவேற்கின்றார். மனிதர் ஒருவரையொருவர் நேசிக்கும் பொன்னுலகைக் காட்டும் 'விகடமான மனிதனின் கனவு' அதே இதழில் அச்சாகின்றது. கொர்னிலோவாவின் விடுதலைச் செய்தியும் அதிலேயே இடம்பெறுகின்றது. 'அன்னா கரீனினா'வின் இறுதிப் பகுதியில் டால்ஸ்டாய் தொண்டர் படைகளின் போர் ஆவேசத்தை ஐயுற்றபோது, தொஸ்தோயெவ்ஸ்கி அவரைக் கடிந்து எழுதினார். போர்முனைக்குச் சென்ற குடியானவனின் கடிதம் ஒன்று அவர் மேசைக்கு வந்திருக்குமாயின் அவர் என்ன எழுதியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகின்றது.

1877 டிசம்பர் இறுதியில் கவிஞர் நெக்ராசோவ் மறைந்தார். கல்லறையருகே பேசிய தொஸ்தோயெவ்ஸ்கி, புஷ்கினுக்கும் லெர்மன்தோவுக்கும் அடுத்த இடத்தில் அவரை வைத்தார். அவர்களிலும் உயர்ந்தவர் என்று கூட்டத்திலிருந்த இளைஞர் குரலெழுப்பினர். அவ்விளைஞருள் பிளெஹானவும் ஒருவர். அரசியலில் எதிர்முகாமைச் சேர்ந்த கவிஞரைப் பற்றி எழுதிய அவ்விதழிலே தொஸ்தோயெவ்ஸ்கி அக்குரலை மறைக்காமற் பதிவு செய்து, அதனோடு வாதிடுகின்றார். எதிர்க்குரல் காதில் விழுந்த இடமெல்லாம் அவர் எழுத்து உயர்வதை இங்கும் காண்கின்றோம்.

அவ்விதழோடு மாத வெளியீட்டை நிறுத்திவிட்டு அவர் நாவலுக்குத் திரும்பினார். 1879-80இல் தொடராக வெளிவந்த 'கரமசோவ் சகோதரர்க'ளில் குரோனெபேர்க் வழக்கின் குழந்தை மீண்டும் தோன்றுகின்றது. இவான் அக்குழந்தையின் துன்பத்தைக் காட்டியே உலக ஒழுங்கை மறுக்கின்றான். நாட்குறிப்பில் ஒருவர் கண்டனமாயிருந்தது, நாவலில் மனிதகுலத்தின் வினாவாயிற்று.

இவற்றிலிருந்து நாம் பெறும் படிப்பினை யாது? தணிக்கையும் முதலாளியும் இல்லாதிருத்தல் உண்மைக்கு இன்றியமையாதது, ஆனால் போதியதன்று. தன் பக்கத்திற்குத் தானே எசமானாகும் எழுத்தாளன், பிறர் தனக்குச் செய்துவந்த பரிசோதனையைத் தானே தனக்குச் செய்யக் கடமைப்பட்டவன். ஒரு மனிதரைப் பற்றி எழுதுமுன் அவரைக் காண முயலவேண்டும். ஒரு மக்கட் கூட்டத்தைப் பற்றி எழுதுமுன் அக்கூட்டத்தின் வாயாற் கேட்கவேண்டும். மறுத்து வரும் கடிதத்தை முதலில் அச்சிட்டு, அது தன் கருத்தை மாற்றக் கோருமாயின் மாற்றிக்கொள்ள வேண்டும். இம்மூன்றில் முதலிரண்டைத் தொஸ்தோயெவ்ஸ்கி சில வேளைகளிலும், மூன்றாவதைப் பாதியளவிலும் செய்தார். அந்த அளவுக்கு அவர் நாட்குறிப்பு வாழ்கின்றது. செய்யாத அளவுக்கு அது நமக்கு எச்சரிக்கை.

முற்போக்குச் சார்பு ஒன்றே இத்தவற்றிலிருந்து நம்மைக் காக்கும் என்று எண்ணுதல் பேதைமை. கூட்டப்பெயரில் மனிதரை அடக்கித் தீர்ப்புக் கூறும் பழக்கம் வலதுசாரிகளுக்கு மட்டும் உரியதன்று. வகுப்பறையிற் கற்பிக்கும் ஆசிரியரும் முதற் கட்டுரை எழுதும் மாணவரும் இந்நாட்குறிப்பின் 1877 மார்ச், ஏப்ரில் இதழ்களையேனும் படித்தல் நன்று. எழுதத் துணிவு வேண்டும் என்பதை நாம் பலமுறை கூறியிருக்கின்றோம். எழுதியதற்கு வரும் மறுமொழியைக் கேட்கவும் அதே துணிவு வேண்டும் என்பதை இவ்விதழ்கள் கூறுகின்றன.